ஸ்வெட்டர் கையும் "யார் பார்க்கப் போறாங்க"வும்

"அக்குளுக்கு அடியிலதானே வருது, யார் பார்க்கப் போறாங்க?"

கையால ஸ்வெட்டர் பின்னுறவங்ககிட்ட கைப்பகுதி டிசைனைப் பத்திக் கேட்டா பெரும்பாலும் வர்ற பதில் இதுதான். எனக்கு இந்தப் பதில் மேல ரொம்ப நாளா கோபம். அதை இறக்கி வைக்கத்தான் இந்தப் பதிவு. பின்னல் தெரியாத மக்களும் தாராளமா படிக்கலாம், கோலம் போடத் தெரிஞ்சா போதும். (கோலமும் தெரியாத பசங்களா? வாசல்ல போட்ட கோலத்தை மிதிக்காமத் தாண்டிப் போன அனுபவம் இருந்தாலே போதும்.)

முதல்ல வழக்கமான கேள்வி. "ஏம்பா, திருச்சி வெயில்ல ஸ்வெட்டரா?" மே மாசத்துல 40 டிகிரியைத் தொடுற ஊர்ல கம்பளி நூலை மடியில வச்சுக்கிட்டு உட்கார்றது விசித்திரம்தான், ஒத்துக்கறேன். ஆனா ஸ்ரீரங்கத்துல எந்தத் தெருவுல நுழைஞ்சாலும் நியூஜெர்சியிலயோ டொரண்டோவிலயோ பிள்ளைங்க இருக்கற வீடு நாலு இருக்கும். பேரனுக்குப் போற பார்சல்ல பருப்புப்பொடி, நார்த்தங்காயோட கையால பின்னின ஸ்வெட்டர் ஒண்ணும் போகும். அது போக, மார்கழி விடியற்காலையில விஸ்வரூப சேவைக்குப் போற தாத்தாக்கள் தலையைப் பாருங்க. குல்லா, மப்ளர் சகிதம்தான் போவாங்க. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவுல இருக்கற தீவு இது, பனி நேரா காதுக்குள்ள இறங்கும்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

ஸ்வெட்டர் கையை மணிக்கட்டுலேர்ந்து மேல நோக்கிப் பின்னிக்கிட்டுப் போறோம்னு வைங்க. மணிக்கட்டு ஒல்லி, தோள்பட்டைக்குக் கீழ சதை. அதனால போகப் போக அகலம் கூடணும். சில வரிசைக்கு ஒரு தடவை ரெண்டு ஓரத்துலயும் ஒவ்வொரு கண்ணி கூட்டிக்கிட்டே போகணும். (கண்ணின்னா ஊசியில தொங்கற ஒரு வளையம். வகுப்புல ஸ்டிட்ச்னு சொல்லுவாங்க.) மொழுக்குன்னு இருக்கற பின்னல்னா பிரச்சினையே இல்ல. டிசைன் இருந்தா, புதுசா முளைச்ச கண்ணி அந்த டிசைன்ல எந்த இடத்தைச் சேர்ந்தது? அதை நிட்டாப் பின்னணுமா, பர்லாப் பின்னணுமா? இந்த இடத்துலதான் "யார் பார்க்கப் போறாங்க" வரும். புதுக் கண்ணியை எல்லாம் டிசைன் இல்லாம மொட்டையா விட்டுட்டுப் போயிடறது.

ஒரு கணக்கு போடுவோம். ஏழெட்டு வயசுப் பையனுக்கு ஒரு கை. மணிக்கட்டுல 37 கண்ணி. ஆறு வரிசைக்கு ஒரு தடவை ரெண்டு ஓரமும் ஒண்ணு ஒண்ணு. இப்படி 12 தடவை கூட்டினா 72 வரிசை முடியறப்ப 61 கண்ணி. அங்குலத்துக்கு 5 கண்ணி வர்ற நூல்னு வைங்க, மேல் கை சுத்தளவு 12 அங்குலம். அதுல கூட்டினது மட்டும் 24 கண்ணி, அதாவது கிட்டத்தட்ட 5 அங்குலம். பன்னெண்டுல அஞ்சு! கையோட மேல் பாகத்துல அஞ்சுல ரெண்டு பங்கு மொட்டை. இதைத்தான் 'அக்குளுக்குள்ள ஒளிஞ்சிக்கும்'னு சொல்றாங்க. பையன் பஸ்ல கம்பியைப் பிடிச்சு நின்னா போதும், எதிர்ல நிக்கிற மொத்தப் பேருக்கும் தெரியும்.

இதை ஒரு குறையாச் சொல்லி, "நேரமில்ல, விட்டுட்டேன்"னா எனக்கு ஒண்ணும் இல்ல. அவங்கவங்க நூல், அவங்கவங்க கை. ஆனா இதையே முறைன்னு வகுப்புல சொல்லிக் கொடுக்கறாங்க பாருங்க, அங்கதான் எனக்குப் பத்திக்கிட்டு வருது. கஷ்டமான விஷயம், பழகினவங்களுக்குத்தான் வரும்னு பயமுறுத்தி வைக்கிறாங்க. கஷ்டமே இல்ல. யோசிக்க வேண்டிய விதத்தைச் சொல்லித் தரல, அவ்வளவுதான்.

ஒரு பெரிய டிசைன் துணி மேசை மேல விரிச்சிருக்குன்னு நினைச்சுக்கோங்க. நாலு பக்கமும் டிசைன் ஓடுது. அது மேல டெய்லர் சாக்பீஸால கை வடிவத்தை வரையறார், கீழ ஒல்லி, மேல அகலம். அந்தக் கோட்டுக்குள்ள என்ன விழுதோ அதுதான் கை. கோடு சாய்வா போறதால டிசைன் வளைஞ்சு கொடுக்குமா? கொடுக்காது. அது பாட்டுக்கு நேரா நிக்கும், கோடு அதை எங்க வெட்டுதோ அங்க வெட்டும். திருப்பூர்ல டீ-ஷர்ட்டுக்கு நடக்கறதும் இதான். வட்டப் பின்னல் மெஷின்லேர்ந்து துணி குழாய் மாதிரி வரும், அடுக்கி வெட்டித் தைப்பாங்க. கைப்பின்னல்ல கத்திரிக்கோல் கிடையாது. அந்தச் சாய்வுக் கோட்டை நீங்களே கண்ணி கூட்டி உண்டாக்கறீங்க. ஆனா பின்னாடி விரிஞ்சிருக்கற துணி அதேதான். ஒரு கண்ணி கூட்டினா, கோட்டுக்கு வெளியில மறைஞ்சிருந்த துணி ஒரு கண்ணி அளவுக்கு உள்ள வந்திருக்குன்னு அர்த்தம். அந்தக் கண்ணி என்னவா இருக்கணும்னு ஏற்கனவே முடிவானது. நீங்க புதுசா ஒண்ணும் தீர்மானிக்க வேண்டாம், அங்க என்ன இருக்கோ அதைப் பின்னினா போதும்.

நம்ம பக்கம் நெசவு ஊர். காவிரியைத் தாண்டினா உறையூர், கைத்தறிப் புடவைக்குப் பேர் போன இடம். தறியில பாவு இழை எத்தனைன்னு ஆரம்பத்துலயே முடிவாயிடும், முதல் முழத்துலயும் கடைசி முழத்துலயும் அகலம் ஒண்ணுதான். அதனால நெசவுல இந்தக் கேள்வியே எழாது. பின்னல்ல துணியும் வடிவமும் ஒரே நேரத்துல பிறக்குது. நெசவாளிக்கும் டெய்லருக்கும் பிரிச்சுக் கொடுக்கற வேலை ரெண்டையும் ஒரே ஆள் பார்க்கணும். அதுதான் இதுல சுவாரசியமே, அதைப் போய் மொட்டை அடிக்கச் சொல்றாங்க!

இப்ப குறிப்புத் தாள்களைப் பார்ப்போம். டிசைன் ஆறு கண்ணிக்கு ஒரு தடவை திரும்ப வருதுன்னு வைங்க, கடைசியில ஒண்ணு உபரி. ஆறு ஆறு 36, உபரி 1, மொத்தம் 37. வைர வைரமா ஒரு சின்ன டிசைன்:

1-ஆம் வரிசை: பர்ல் 1, நிட் 5.
3-ஆம் வரிசை: நிட் 1, பர்ல் 1, நிட் 3, பர்ல் 1.
5-ஆம் வரிசை: நிட் 2, பர்ல் 1, நிட் 1, பர்ல் 1, நிட் 1.
7-ஆம் வரிசை: நிட் 3, பர்ல் 1, நிட் 2.
9-ஆம் வரிசை 5 மாதிரி, 11-ஆம் வரிசை 3 மாதிரி. அப்புறம் திரும்ப முதல்லேர்ந்து.

வரிசை முழுக்க இந்த ஆறையே திருப்பித் திருப்பிப் போட்டு, கடைசிக் கண்ணியை முதல் கண்ணி மாதிரி முடிக்கணும். இரட்டைப்படை வரிசை எல்லாம் பின்பக்கம், முழுக்க பர்ல்.

7-ஆம் வரிசையில முதல் தடவையா ரெண்டு ஓரமும் ஒவ்வொண்ணு கூட்டறீங்க. இப்ப தாள் என்ன சொல்லும்? "கூட்டிய கண்ணிகளை டிசைனில் சேர்த்துக்கொள்ளவும்." ஒரே வரி. சமையல் குறிப்புல "பாகு பதமாக வந்ததும் இறக்கவும்"னு எழுதற மாதிரி. அதுலயாவது கம்பிப் பதமா, உருட்டுப் பதமான்னு போடுவாங்க!

பாவம் பின்னுறவங்க என்ன பண்ணுவாங்க? 9-ஆம் வரிசையைத் தாள்ல இருக்கற மாதிரியே முதல் கண்ணியிலேர்ந்து ஆரம்பிப்பாங்க. நிட் 2, பர்ல் 1... அங்கதான் கதை முடிஞ்சுது. ஓரத்துல ஒரு கண்ணி கூடியிருக்கறதால மொத்த டிசைனும் ஒரு இடம் தள்ளிப் போயிடும். வைரத்தோட கோடு ஒடியும். இன்னும் ஆறு வரிசை கழிச்சு இன்னொரு ஒடிசல். அதைப் பார்த்துப் பயந்துதான் மொட்டை அடிக்கற யோசனைக்கே வர்றாங்க. ஆக, குற்றவாளி பின்னுறவங்க இல்ல. ஓரத்துலேர்ந்து எண்ணச் சொல்லிக் கொடுத்த தாள்.

எண்ண வேண்டியது பழைய இடத்துலேர்ந்து. முன்பக்கத்தைப் பார்த்துப் பின்னும்போது நாம வலது பக்கத்துலேர்ந்து இடது பக்கமா போறோம். வலது ஓரத்துல புதுசா வந்தது, டிசைனோட முதல் கண்ணிக்கு முன்னாடி உட்கார்ந்திருக்கு. முதலுக்கு முன்னாடி என்ன வரும்? அதுக்கு முந்தைய திருப்பத்தோட ஆறாவது. அதாவது வலப்பக்கம் டிசைன் பின்னோக்கி வளருது: ஆறு, அஞ்சு, நாலு, மூணு... இடது ஓரத்துல, உபரிக் கண்ணியே அடுத்த திருப்பத்தோட முதல் கண்ணி, அதனால புதுசா வந்தது ரெண்டாவது. அங்க முன்னோக்கி வளருது: ரெண்டு, மூணு, நாலு.

மேல போட்ட டிசைன்லயே சரிபார்த்துக்கோங்க. 7-லயும் 9-லயும் ஆறாவது கண்ணி நிட். 11-ல ஆறாவது பர்ல். ரெண்டாவதும் பர்ல். ஆக 11-ஆம் வரிசையில வலது ஓரப் புதுக் கண்ணியும் பர்ல், இடது ஓரப் புதுக் கண்ணியும் பர்ல். கண்ணாடியில பார்த்த மாதிரி ரெண்டு பக்கமும் ஒண்ணு. 12 தடவை கூட்டி முடிக்கறப்ப ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு முழு வைரம் கூடியிருக்கும். 61-ங்கறதும் பத்து ஆறு, உபரி ஒண்ணுதான். தையல் சேர்க்கற இடத்துல ரெண்டு ஓரமும் சரியா வந்து நிக்கும்.

இன்னும் எளிசா வேணுமா? மாஸ் ஸ்டிட்ச்னு ஒண்ணு, நிட் 1 பர்ல் 1, அடுத்த வரிசையில மாத்தி. ஒத்தைப்படைக் கண்ணியில இதைப் பின்னறவங்க "எல்லா வரிசையும் நிட்ல ஆரம்பி"ன்னு மனப்பாடம் பண்ணியிருப்பாங்க. ரெண்டு ஓரமும் ஒண்ணு கூட்டினதும் எல்லா வரிசையும் பர்ல்ல ஆரம்பிக்கணும். மறுபடி கூட்டினா மறுபடி நிட். மனப்பாடம் பண்ணவங்க இதுல மாட்டுவாங்க. "கீழ பர்ல் மேடு தெரிஞ்சா மேல நிட், நிட் தெரிஞ்சா பர்ல்"னு துணியைப் படிக்கக் கத்துக்கிட்டவங்களுக்கு ஓரத்துல எத்தனை கூடினாலும் ஒண்ணும் ஆகாது.

இப்ப கோலம். இதை எழுத உட்கார்ந்ததே இதுக்காகத்தான்.

சித்திரை வீதியிலயோ உத்திர வீதியிலயோ மார்கழிக் காலையில நடந்து பாருங்க. ஒரு மாமி இடுக்குப் புள்ளியில 5 புள்ளி 3 வரை வைக்கறாங்க. 3, 4, 5, 4, 3, மொத்தம் 19 புள்ளி. பக்கத்து வீட்டு வாசல் கொஞ்சம் பெரிசு, அதே கோலம் 7 புள்ளி 4 வரை. 4, 5, 6, 7, 6, 5, 4. மொத்தம் 37. (நம்ம ஸ்வெட்டர் கை ஆரம்பிச்ச அதே 37, தற்செயல்தான் :-)) அந்த ரெண்டு புள்ளியை அவங்க ஒரே பக்கமா சேர்க்கறாங்களா? நடுவரிசையில இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. மேல ஒரு வரிசை, கீழ ஒரு வரிசை. கண்ணு நடுவுலதான் இருக்கும். புதுசா வெளியில வந்த புள்ளிகளைச் சும்மா விட்டுட்டு, "திண்ணை ஓரம்தானே, யார் பார்க்கப் போறாங்க"ன்னு எந்த மாமியும் எழுந்து போனதில்ல. வெளிவட்டப் புள்ளிக்கும் உள்வட்டத்துல எப்படி வளைச்சாங்களோ அதே வளைவுதான். தாளைப் பார்த்தா போடறாங்க? உள்ள இருக்கறதைப் பார்த்து வெளிய போடறாங்க.

இதை நான் ஏதோ உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லல. தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் மூணு பேரும் சேர்ந்து 1974-ல ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினாங்க. கோலத்தை ஒரு மொழி மாதிரி எடுத்துக்கிட்டு, அதுக்கு இலக்கண விதி எழுதினாங்க. சின்னக் கோலத்துலேர்ந்து விதியை வச்சே அடுத்த பெரிய கோலம், அதுலேர்ந்து அதைவிடப் பெரிசு. கணினி அறிவியல்ல இன்னிக்கும் அதை மேற்கோள் காட்டறாங்க. அமெரிக்காவுல மார்சியா ஆஷர் 2002-ல வெளியிட்ட புத்தகத்துல கோலத்துக்குன்னே ஒரு அத்தியாயம். ஆக, நம்ம வீட்டு வாசல்ல தினமும் நடக்கற காரியம் 'மாறாத விதியில் வளர்கிற வடிவம்'னு உலகமே ஒத்துக்கிட்டாச்சு. அதே கை உள்ள வந்து ஊசியை எடுத்ததும் "உனக்கு இது வராது, ஓரத்தை மொட்டையா விட்டுடு"ன்னா என்ன அர்த்தம்?

போன வருஷம் ஒரு கைவேலைப் பயிற்சி வகுப்புல (எதுன்னு வேண்டாம்) என் தோழி ஒருத்தி இதே மாதிரி வைர டிசைன்ல மாதிரித் துண்டு பின்னிக் கொடுத்தா. புதுக் கண்ணியை ஒழுங்கா டிசைன்ல சேர்த்திருந்தா. மார்க் குறைச்சுட்டாங்க. காரணம்? "11-ஆம் வரிசை நிட்ல ஆரம்பிக்கணும்னு தாள்ல இருக்கு, நீ பர்ல்ல ஆரம்பிச்சிருக்க." துண்டைத் திருப்பிப் பார்க்கக்கூட இல்ல. தாளும் ரெக்கார்டு நோட்டும் ஒத்துப் போகணும், துணி எப்படி வேணா போகலாம். இந்த மாதிரி வகுப்புக்கு வர்றவங்கள்ல பாதிப் பேர் பொழுதுபோக்குக்கு வர்றதில்ல மக்களே. வீட்டுல உட்கார்ந்து ஆர்டர் எடுத்துப் பின்னி நாலு காசு பார்க்கலாம்னு வர்றாங்க. கை மொட்டையா இருக்கற ஸ்வெட்டருக்கும் டிசைன் தோள் வரை ஓடற ஸ்வெட்டருக்கும் வாங்கறவங்க ஒரே விலை தருவாங்களா? அந்த வித்தியாசத்தைச் சம்பாதிக்கற அறிவைத்தான் வகுப்பு மறைச்சு வைக்குது.

எதிர்த்தரப்புக்கும் ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்கல. துளை துளையா வர்ற லேஸ் பின்னல்ல ஒரு நூல் சுத்தினா ஒரு கண்ணி கூடும், பக்கத்துல ரெண்டைச் சேர்த்துப் பின்னினா ஒண்ணு குறையும். இது ஜோடி. ஓரத்துல ஜோடியில ஒண்ணுக்கு மட்டும் இடம் இருக்கறப்ப டிசைனைப் பிடிச்சுத் தொங்கினா கண்ணி எண்ணிக்கையே மாறிடும். ரெண்டுக்கும் இடம் வர்ற வரை அங்க சாதாவாத்தான் பின்னணும். முறுக்கு முறுக்கா வர்ற கேபிளும் அப்படித்தான், நாலு கண்ணி முறுக்குன்னா நாலும் சேர்ந்த பிறகுதான் முறுக்க முடியும். அது காத்திருக்கறது. நாலு சேர்ந்ததும் முறுக்கணும். கடைசி வரை மொட்டையா விடறதுக்கு அதைச் சாக்காச் சொல்லக்கூடாது.

"இப்பல்லாம் மெஷின் இருக்கே"ன்னு ஒரு கட்சி உண்டு. இருக்கு. 1589-ல இங்கிலாந்துல வில்லியம் லீ காலுறை பின்னற மெஷின் செஞ்சதுலேர்ந்தே இருக்கு. ஜப்பான்ல ஷிமா செய்கி கம்பெனி 1995-ல தையலே இல்லாம முழு ஸ்வெட்டரையும் ஒரே பின்னலா எடுக்கற மெஷினைக் காட்டிட்டாங்க. ஆனா மெஷினுக்கும் யாரோ ஒருத்தர் ஓரக் கண்ணி ஒவ்வொண்ணும் நிட்டா பர்லான்னு சொல்லித்தான் ஆகணும். "டிசைனில் சேர்த்துக்கொள்ளவும்"னு மெஷின்கிட்ட ஒரு வரி எழுதிக் கொடுத்துப் பாருங்களேன்!

மெஷினுக்குக் காட்டற மரியாதையை மனுஷங்களுக்கும் காட்டலாம்ல? ஜப்பான்ல பின்னல் குறிகளுக்கு தேசியத் தரநிலையே வச்சிருக்காங்க. அங்க வர்ற புத்தகங்கள்ல கட்டம் போட்ட படத்துல ஓரம் எப்படி விரியுதுன்னு படிப்படியா வரைஞ்சிருக்கும். மொழி தெரியாதவங்களும் படத்தைப் பார்த்தே பின்னறாங்க. அமெரிக்காவுல பார்பரா வாக்கர் 1972-லயே கட்டப் படங்களா ஒரு முழுப் புத்தகம் போட்டாச்சு. இங்க இன்னும் "நிட் 1, பர்ல் 1, நிட் 3"ன்னு மந்திரம் ஓதிக்கிட்டு இருக்கோம்.

அதுவரைக்கும் பின்னுறவங்களுக்கு: 37-ல ஆரம்பிக்கறப்பவே முதல் திருப்பம் தொடங்கற இடத்துலயும் கடைசித் திருப்பம் முடியற இடத்துலயும் ஊசியில ஒரு கலர் நூல் வளையம் மாட்டிடுங்க. தாள்ல இருக்கற வரிசை ரெண்டு வளையத்துக்கும் நடுவுலதான் செல்லும். வெளிய இருக்கறதை வளையத்துலேர்ந்து வெளிப்பக்கமா எண்ணுங்க. வெளிய ஆறு சேர்ந்ததும் வளையத்தை ஆறு கண்ணி தள்ளி மாட்டுங்க. கண்ணி கூட்டறது ரெண்டு கண்ணிக்கு நடுவுல இருக்கற இழையைத் தூக்கி முறுக்கிப் பின்னறதா இருந்தா நல்லது, ஓட்டை விழாது. ஒரே கண்ணியில முன்னாலயும் பின்னாலயும் ரெண்டு தடவை பின்னினா பக்கத்துல ஒரு சின்ன பர்ல் மேடு தெரியும். பர்ல் வர்ற இடத்துல அது ஒளிஞ்சுக்கும், நிட் தளத்துல பளிச்சுன்னு காட்டிக் கொடுத்துடும்.

குறிப்பு எழுதறவங்களுக்கும் வகுப்பு எடுக்கறவங்களுக்கும் ஒரே கோரிக்கை. 37-க்கு மட்டும் எழுதிட்டு நிறுத்தாதீங்க. கணக்கு நோட்டுல இருக்கற கட்டம் போட்ட தாள் ஒண்ணு எடுத்து, 61 கண்ணி அகலத்துக்கும் 72 வரிசை உயரத்துக்கும் முழு டிசைனையும் புள்ளி வச்சுட்டு, அது மேல கையோட சாய்வுக் கோட்டை இழுத்துக் கொடுங்க. நகல் எடுக்க ரெண்டு ரூபாய் ஆகும்.